நேர்ந்தது

அகராதியில் அதற்கு மூன்று வரி.
டியோடண்ட்: பெயர்ச்சொல், வழக்கொழிந்தது.
ஒரு மனிதனின் சாவுக்குக் காரணமான பொருள்;
ஆகவே கடவுளுக்குக் கொடுக்க வேண்டியது.
கடவுள் சார்பில் அரசர் பெற்றுக்கொள்வார்
என்பது அகராதியில் இல்லை, சட்டத்தில் இருந்தது.

லத்தீனில் இரண்டு சொல்லாகக் கிடந்ததை
யாரோ ஒரு எழுத்தர் ஒட்டித் தைத்துவிட்டார்.
கவிழ்ந்த படகு, முட்டிய காளை,
கோபுரத்திலிருந்து கழன்ற மணி,
எல்லாம் இந்தச் சொல்லின் முன்
ஒருமுறை கைகட்டி நின்றிருக்கின்றன.

கறாரான சொல்.
அசைந்தது கொன்றால் அசைந்தது அத்தனையும்:
வண்டி, குதிரை, மேலே ஏற்றிய பாரம்.
நிற்கும் வண்டியில் ஏறும்போது வழுக்கியவனுக்கு
கால் வைத்த சக்கரம் மட்டும்.

லிங்கன்ஷயரில் ஸ்கார்ல்பி என்றொரு ஊர்.
ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்று மூன்று,
அறுப்பு முடிந்த வாரம்.
மதுக்கடை மேசையில் ஜேபஸ் பெல்
பூட்ஸோடு கிடக்கிறான்.
எட்டு மைல் மழையில் வந்த விசாரணை அதிகாரி
கணப்பருகே கோட்டைக் காயவைக்கிறார்.
பிணத்தை நேரில் பார்ப்பது பன்னிரண்டு பேரின் கடமை.
பார்த்தார்கள்.
கொல்லன் டஸ்வெல் மட்டும்
தன் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தான்.

வண்டி ஜேபஸுடையது.
குதிரை மூன்றில் இரண்டுக்குக் கடன் பாக்கி.
பார்லி மூட்டை இருபது.
கேள்வி ஒன்றே ஒன்று:
அவன் விழுந்த கணத்தில்
வண்டி நின்றதா, நகர்ந்ததா?

பார்த்தவள் ஒருத்தி, அவன் மனைவி கெசையா.
முன்னால் பூட்டிய டச்சஸின் விலாவில்
மாட்டு ஈ ஒன்று உட்கார்ந்ததைப் பார்த்தாள்.
தோல் சிலிர்த்ததைப் பார்த்தாள்.
ஓரடி,
ஒரே ஓரடி அது எடுத்து வைத்ததை.

பைபிளின் மேல் கை இருந்தது.
"நின்றது" என்றாள்.

டஸ்வெல் தொப்பியிலிருந்து கண்ணெடுத்தான்.
"இடப்பக்கப் பின்சக்கரம், ஐயா.
பழசு. ஆறு பென்ஸ் பெறும், அதுவே அதிகம்."
போன மாதம்தான் அதற்குப்
புது இரும்புப் பட்டை போட்டிருந்தான்.
மற்ற பதினொரு பேருக்கும் அது தெரியும்.

எழுத்தர் எழுதினார்:
டியோடண்ட். சக்கரம் ஒன்று. ஆறு பென்ஸ்.

அரை நூற்றாண்டு போனது, ரயில் வந்தது.
எதை நின்றது, எதை அசைந்தது என்று பிரிப்பது?
வண்டிக்காரனிடம் பென்ஸ் கேட்ட ஜூரிகள்
எஞ்சினுக்கு ஆயிரம் பவுண்டு என்றார்கள்.
பங்குதாரர்களுக்குத் தூக்கம் போயிற்று.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறில்
பாராளுமன்றம் கூடி
சொல்லைக் கழற்றி ஓரமாய்ப் போட்டது.
கடவுளுக்கு நிலுவை எவ்வளவு என்று
கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தமிழில் இதற்கு ஒரு சொல் வேண்டி
ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தேன்.
தெய்வப்பொருள். அடித்தேன்.
சாவுக்கொடை. அதையும் அடித்தேன்.
காபி ஆறி ஆடை படிந்தபோது உறைத்தது:
விபத்து நேர்கிறது என்கிறோம்.
சாமிக்கு ஆட்டை நேர்ந்துவிடுகிறோம்.
ஒரே வினைச்சொல்;
இத்தனை நாளும் வாய்க்குள்ளேயே இருந்திருக்கிறது,
இரண்டையும் சேர்த்து நான் கேட்டதில்லை.

கெசையா ஆறு பென்ஸை
ரொட்டி விற்ற பணத்திலிருந்து எண்ணி வைத்தாள்.
கடவுளிடமிருந்து சக்கரம் மீண்டது,
அச்சிலிருந்து கழற்றாமலே.
மூட்டைகளை ஒதுக்கி
ஜேபஸைக் கிடத்த இடம் செய்தார்கள்.
மழை விட்டிருந்தது.
அவள் போய் டச்சஸின் காதருகே நின்றாள்.
திட்டினாளோ, கெஞ்சினாளோ,
பதிவேட்டில் அதெல்லாம் எழுதும் வழக்கமில்லை.
குதிரை
ஓரடி எடுத்து வைத்தது.